வென்ற அணியை வெளியே நிறுத்தாதீர்கள்: ரோபாட்டிக்ஸ் போட்டி ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

அடுத்த பருவத்துக்கான விதிமுறைகளில் நீங்கள் சேர்த்திருக்கும் திருத்தத்தைப் படித்தேன். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் முதலிடம் பெற்ற அணி, அதற்கடுத்த இரண்டு பருவங்களுக்குப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது என்றும், விரும்பினால் ‘காட்சி அணி’யாக வந்து மேடையில் ரோபோவை இயக்கிக் காட்டலாம் என்றும் அது சொல்கிறது. மற்ற அணிகளின் ஊக்கம் குன்றிவிடக் கூடாது என்பதைக் காரணமாகக் கூறியிருக்கிறீர்கள். இந்த விதி இன்றைக்கு ஒரே ஓர் அணியைத்தான் பாதிக்கும், அது கிழக்கு வட்டாரத்திலிருந்து வரும் அணி என்பது போட்டிக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அந்த அணியிடம் ஆண்டுதோறும் தோற்கிற அணிகளில் ஒன்றுக்கு நான் தொண்டூழியப் பயிற்றுநராக இருக்கிறேன். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு வசிப்போர் குழு அறையில் சனிக்கிழமைகளில் கூடும் எங்கள் அணி இதுவரை முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததில்லை. இந்தத் திருத்தத்தால் பயன்பெறப் போகிறவர்கள் என்று நீங்கள் நினைக்கிற பிள்ளைகளின் பயிற்றுநராகச் சொல்கிறேன்: இந்த உதவி எங்களுக்கு வேண்டாம். இதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற இறுதிச் சுற்றின் பரிசளிப்பில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். கிழக்கு வட்டார அணியின் பெயர் அறிவிக்கப்பட்டபோது அரங்கின் ஒரு பகுதியில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. சில பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து எழுப்பி அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். மேடையேறிய மாணவர்களில் இளையவள் உயர்நிலை ஒன்றில் படிக்கும் சிறுமி. அதுதான் அவளுக்கு முதல் போட்டி. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து போகிறவர்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே மேடையிலிருந்து யாரேனும் ஒருவர், இப்படி நடந்துகொள்வது தகாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு வந்தது இந்தத் திருத்தம்தான். எழுந்து போனவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விதியே மாறும் என்றுதான் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அந்த அணியைப் பற்றிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் உலவும் பேச்சுகள் உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். ரோபோவை இயக்கும் கணினி நிரலைப் பொறியாளரான ஒரு தந்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார் என்பது ஒன்று. போட்டிப் பணிகள் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன என்பது மற்றொன்று. இவற்றில் எதையும் யாரும் எழுத்து மூலமாகப் புகாராகத் தரவில்லை என்று உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரே என்னிடம் கூறினார். புகார் இல்லாததால் விசாரணை இல்லை, விசாரணை இல்லாததால் அந்தப் பிள்ளைகள் தங்கள் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பும் இல்லை. ஆனாலும் தண்டனை மட்டும் வந்துவிட்டது. ஊக்கம் குன்றுவது பற்றி எவ்வளவு மென்மையாக எழுதினாலும், வாட்ஸ்அப்பில் பேசியவர்களுக்கு இத்திருத்தம் ஒரு தீர்ப்பாகத்தான் தெரியும்: ‘பார், குழுவே ஒப்புக்கொண்டுவிட்டது.’

அந்தப் பேச்சில் உண்மை இருக்க முடியாது என்று நான் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. இறுதிச் சுற்றன்று காலையில் அறிவிக்கப்படும் எதிர்பாராப் பணி இந்தப் போட்டியின் சிறந்த அம்சங்களுள் ஒன்று. அந்த நேரத்தில் பெரியவர்கள் எல்லோரும் தடுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறோம், கைப்பேசிகள் வாங்கி வைக்கப்படுகின்றன. தடுப்புக்கு இப்பால் நின்று நான் அந்த அணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணி அறிவிக்கப்பட்ட பிறகு வெகுநேரம் அவர்கள் கணினியைத் திறக்கவேயில்லை. ஒரு தாளில் ரோபோ ஓடும் போட்டி விரிப்பின் படத்தை வரைந்து, புதிய பணிக்கான கட்டையை எந்தப் பயணத்தின் நடுவில் எடுத்தால் ரோபோ கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்காது என்று விவாதித்தார்கள். ஒரு மாணவன் சொன்ன வழியை அந்த உயர்நிலை ஒன்று சிறுமி மறுத்து, விரலால் வேறொரு வழியைக் காட்டினாள். பிறகுதான் ரோபோவின் முன்கையைக் கழற்றினார்கள். தந்தை எழுதிக் கொடுத்த நிரலைச் சுமந்துகொண்டு வந்த பிள்ளைகள் அப்படி வேலை செய்ய மாட்டார்கள். நடுவர்களின் முன் தமிழில் விளக்கும் சுற்றில் அவர்கள் எப்படிப் பதில் சொன்னார்கள் என்பது உங்கள் நடுவர்களுக்கே தெரியும். அவர்களைக் கேட்டிருந்தால் போதுமே.

இதைச் சொல்லும்போது, மற்றவர்களின் மனக்குறை முழுவதையும் பொறாமை என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அந்தக் குறையில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. பெரியவர்களின் கை நுழைந்த ரோபோக்கள் இந்தப் போட்டிக்கு வருகின்றன. ‘இந்த இடத்தில் ஏன் பெரிய பற்சக்கரத்தை வைத்தாய்?’ என்று கேட்டால் பதில் தேடிப் பயிற்றுநரின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன். கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி நிலையங்களில் வாரத்துக்கு மூன்று மாலைகள் பயிலும் அணிகள் இருக்கின்றன, ஒரே ரோபோ உதிரிபாகப் பெட்டியை இரண்டு அணிகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் எங்களைப் போன்றவையும் இருக்கின்றன. போட்டி விரிப்பை அச்சுக்கடையில் கொடுத்து அடித்து, வசிப்போர் குழு அறையில் நாற்காலிகளை ஓரம் கட்டி விரித்து, ஒன்பது மணிக்குள் சுருட்டி வைத்துவிடுகிறோம். சொந்தமாக மேசையும் விளிம்புச் சுவரும் கொண்ட அறை இருக்கிற அணிக்கும் எங்களுக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது. அதைச் சொல்வதில் எந்த இழிவும் இல்லை.

ஆனால் உங்கள் திருத்தம் இந்த வேறுபாடு எதையும் தொடவில்லை. முதலிடம் பெற்ற அணியை வெளியே நிறுத்தினால் இரண்டாமிடம் பெற்ற அணி முதலிடத்துக்கு வரும், அவ்வளவுதான் நடக்கும். அந்த அணிக்குப் பணமும் தனியார் பயிற்சியும் மிகுதியாக இருந்தால் அவை அப்படியே இருக்கும். பெரியவர் கட்டிய ரோபோ மேலும் ஒரு படி ஏறி நிற்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு பெட்டி கிடைக்காது. இத்தனைக்கும், நீங்கள் வெளியே நிறுத்தும் அணி வசதி படைத்த அணிகூட இல்லை. அக்கம்பக்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் கூடும் அணி அது. அவர்களின் பெட்டிகளில் பழைய மோட்டார்கள் இருக்கின்றன, சக்கரங்களின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அவர்களிடம் பணத்தால் வராத ஒன்று இருக்கிறது, அதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இம்மடலின் சாரம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பருவங்களுக்கு முன் எங்கள் ரோபோ பயிற்சியில் கோட்டைத் தவறாமல் பின்தொடர்ந்தது, போட்டி அரங்கிலோ முதல் வளைவிலேயே வழி தவறியது. எங்கள் அணியின் ஒரு மாணவி, நான் சொல்லாமலே, பக்கத்து மேசையில் இருந்த கிழக்கு வட்டார அணியினரிடம் போய்க் கேட்டாள். அவர்கள் தங்கள் ரோபோவைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார்கள். கோட்டின் நிறத்தை உணரும் கலர் சென்சாரைச் சுற்றிக் கறுப்புத் துண்டுகளால் ஒரு சிறு கூடு கட்டியிருந்தார்கள். அரங்கின் விளக்கொளி வீட்டு விளக்கொளியிலிருந்து மாறுபடும், விரிப்பிலிருந்து திரும்பும் ஒளி மாறினால் சென்சார் கறுப்பு என்றும் வெள்ளை என்றும் பிரிக்கும் எல்லையும் மாறும், ஆகவே வெளி ஒளியைத் தடுக்க வேண்டும், வந்த இடத்திலேயே கறுப்பையும் வெள்ளையையும் மறுபடி அளந்து அந்த எண்களை நிரலில் வைக்க வேண்டும் என்று அந்த மாணவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். தங்கள் மேசையில் மிச்சமிருந்த கறுப்புத் துண்டுகளையும் கொடுத்தார்கள். அடுத்த ஓட்டத்தில் எங்கள் ரோபோ வளைவைக் கடந்தது.

அன்றைக்கு எங்கள் மாணவி அவர்களின் குறிப்பேட்டையும் பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பத்து முறை ஓடவிட்டு, எத்தனை முறை பணி முடிந்தது, தவறியபோது எந்த இடத்தில் தவறியது, அப்போது பேட்டரி எவ்வளவு இருந்தது என்று எழுதியிருந்தார்கள். பேட்டரி இறங்கினால் மோட்டாரின் வேகம் குறையும் என்பதால், இத்தனை வினாடி ஓடு என்று கட்டளையிடுவதை விட்டுவிட்டு, சக்கரம் இத்தனை பாகை சுழலும்வரை ஓடு என்று மாற்றியதற்கான காரணமும் அதில் இருந்தது. ரோபோ திரும்பும் கோணத்தை அளக்கும் ஜைரோவை இயக்கும் கணத்தில் ரோபோ சிறிது அசைந்தாலும் அதன் கோணக் கணக்கு நகர்ந்துகொண்டே போகும் என்பதால், தொடங்குவதற்கு முன் இரண்டு வினாடி கையை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிச் சுற்றி வட்டமிட்டிருந்தார்கள். நீண்ட பயணத்துக்குப் பின் ரோபோவைப் பின்னோக்கிச் செலுத்திச் சுவரில் ஒட்டி நிமிர்த்திக்கொள்வது, ஒவ்வொரு பயணத்துக்கும் மாற்ற வேண்டிய ரோபோவின் கையை, இணைப்பு ஊசி எதுவும் இல்லாமல் மேலிருந்து அப்படியே இறக்கிவைக்கும்படி செய்வது என்று எல்லாமே தவறுகளிலிருந்து கண்டுபிடித்தவை. அந்தக் குறிப்பேடு ஒரே ஆண்டில் எழுதப்பட்டதும் இல்லை. முந்தைய மாணவர்கள் எழுதியதன் தொடர்ச்சியாக அடுத்தவர்கள் எழுதுகிறார்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்துப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கும் சென்ற பழைய உறுப்பினர்கள் வார இறுதியில் வந்து, இளையவர்களின் ரோபோவைத் தொடாமல், அருகில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்கிறார்கள். அவர்கள் வெல்வதற்கு நான் கண்ட காரணம் இதுதான். இதில் எதுவும் ரகசியமாக வைக்கப்படவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார்கள், ஆனால் கேட்டவர்கள் மிகச் சிலர்.

இதற்குப் பிறகு எங்கள் அணியும் குறிப்பேடு எழுதத் தொடங்கியது. நாங்கள் வெல்லவில்லை. ஆனால் நடு இடங்களுக்கு ஏறியிருக்கிறோம், ரோபோ நின்றுவிட்டால் பிள்ளைகள் அழுவதற்குப் பதிலாகக் குறிப்பேட்டைப் புரட்டுகிறார்கள். நீங்கள் வெளியேற்ற நினைக்கும் அணியிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது இது. சென்ற ஆண்டு அதே மாணவி மறுபடி அவர்களின் மேசைக்குப் போகப் புறப்பட்டபோது, வேறோர் அணியின் பெற்றோர் ஒருவர் அவளைத் தடுத்து, ‘அவங்ககிட்ட எதுக்குமா போற, அவங்க எல்லாம் ஏமாத்துறவங்க’ என்றார். பதின்மூன்று வயதுப் பெண், தனக்குக் கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றி இப்படிக் கேட்டுவிட்டுத் திகைத்து நின்றாள். பொறாமை முதலில் யாரைக் கெடுக்கிறது என்று கேட்டால், கற்றுக்கொள்ளப் புறப்பட்ட அந்தப் பிள்ளையைத்தான் காட்டுவேன்.

வெற்றி பெறும் அணிகளின் மீது கசப்பு வளர்வது நம் போட்டிக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய, மாணவர்களுக்கான ரோபாட்டிக்ஸ் போட்டிகளை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளுடன் தன் முதல் போட்டியை நடத்தியது. அந்தப் போட்டி வளர வளர, ‘இந்த ரோபோவை மாணவர்கள் செய்திருக்க முடியாது’ என்ற பேச்சும் அங்கே வளர்ந்தது. அவர்கள் வென்றவர்களை வெளியே நிறுத்தவில்லை. எம்ஐடி பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் வற்புறுத்திய ‘கிரேசியஸ் புரொஃபெஷனலிசம்’ என்னும் பண்பை, கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டே எதிரணியை மதித்து உதவும் அந்த நடத்தையை, விதிகளின் அமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். மூன்று மூன்று அணிகளாகச் சேர்ந்து ஆடும் தகுதிச் சுற்றுகளில் கூட்டணிகள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாறுகின்றன, இன்று எதிரே நின்ற அணி அடுத்த ஆட்டத்தில் பக்கத்தில் நிற்கும். இறுதிக் கட்டத்துக்கு முன்னணி எட்டு அணிகள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் சுற்றில் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த அணி இரண்டாம் சுற்றில் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வலிய அணி மேலும் வலிமை சேர்த்துக்கொள்வதை இது மட்டுப்படுத்துகிறது, யாரையும் விலக்காமலே. அங்கே மிக உயர்ந்ததாகக் கருதப்படும் விருது ரோபோவின் புள்ளிகளுக்காகத் தரப்படுவதில்லை, ஓர் அணி தன் சமூகத்தில் ஏற்படுத்திய மாற்றத்துக்காகத் தரப்படுகிறது.

அங்குள்ள வலிய அணிகள் என்ன செய்கின்றன என்பதையும் பாருங்கள். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரைச் சேர்ந்த 254ஆம் எண் அணி உலக வாகையர் பட்டத்தைப் பலமுறை வென்ற அணி. தன் நிரல்களையும் தொழில்நுட்ப ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அது வெளியிடுகிறது. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தோடு தொடர்புடைய டெக்சஸின் 118ஆம் எண் அணி, குறைந்த கருவிகளும் குறைந்த பணமும் உள்ள அணிகளும் கட்டக்கூடிய ‘எவ்ரிபாட்’ என்னும் எளிய ரோபோவை வடிவமைத்து, அதைச் செய்யும் முறையோடு பொதுவில் வைக்கிறது. வலியவர்களின் அறிவு இப்படிக் கீழிறங்கி ஓடும்போது எளிய அணிகளின் தரம் உயர்கிறது. வாய்க்கால் வெட்ட வேண்டிய இடத்தில் நீங்கள் அணை கட்டுகிறீர்கள்.

இளைய மாணவர்களின் போட்டிகளிலும் இதே சிந்தனையைக் காணலாம். வெக்ஸ் ஐக்யூ போட்டியின் கூட்டுப் பணிச் சுற்றில் இரண்டு அணிகள் ஒன்றாக இயங்கி, இருவரும் ஒரே புள்ளியைப் பெறுகிறார்கள். பக்கத்து அணியின் ரோபோ நன்றாக ஓடினால்தான் தன் புள்ளியும் உயரும் என்னும்போது, அதன் பழுதைப் பார்த்து மகிழ எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது. ரோபோகப் ஜூனியரில் வெவ்வேறு நாட்டு அணிகளை இணைத்துப் பொதுப் பணி கொடுக்கும் சுற்று உண்டு. ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் இரண்டரை நிமிட ரோபோ ஓட்டம் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான், அணியாக எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் அதற்கு இணையாக எடைபோடப்படுகிறது. நமக்கு இவை தொலைவில் உள்ள செய்திகளும் அல்ல. உலக ரோபோ ஒலிம்பியாட்டின் முதல் அனைத்துலக இறுதிச் சுற்று 2004இல் சிங்கப்பூரில்தான் நடந்தது. 2025இல் அது மீண்டும் இங்கே வந்தது.

உங்கள் திருத்தத்தை ஆதரிக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு வாதத்தை வைத்தார். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றவரின் பெயரை வெளியிடுவதைக் கல்வி அமைச்சே 2012இல் நிறுத்திவிட்டதே, முதலிடத்தின் மீதுள்ள வெறியைக் குறைக்கத்தானே இந்தத் திருத்தமும் என்றார். நல்ல நோக்கமுள்ள வாதம் அது. ஆனால் அமைச்சு யாரையும் தேர்வெழுதக் கூடாது என்று தடுக்கவில்லை. தேர்வில் முதலிடம் பெற்றவரின் பெயரைத் தெரிந்துகொள்வதால் மற்றவருக்குக் கற்க எதுவும் இல்லை, அவர் எப்படிச் சிந்தித்தார் என்பது விடைத்தாளோடு மூடிவிடுகிறது. ரோபோவோ மேசைமீது திறந்து கிடக்கிறது. அதன் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கலாம், அதைச் செய்த பிள்ளையிடமே கேட்கலாம். கற்பதற்கு இவ்வளவு வாய்ப்புள்ள இடத்தில், கற்றுக்கொடுக்கக்கூடியவர்களை வெளியே அனுப்புவது எந்த வெறியையும் குறைக்காது.

அந்த வெறி எங்கிருந்து வருகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டித் திறனைப் பார்த்து இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் ரோபாட்டிக்ஸைத் திறனாக ஏற்கும் பள்ளிகள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் ஒரு கோப்பையைக் காட்ட முடிந்தால் பிள்ளைக்கு விரும்பிய உயர்நிலைப் பள்ளி கிடைக்கலாம் என்று பெற்றோர் நம்புகிறார்கள். கோப்பைகள் சில, விண்ணப்பங்கள் பல. ஆகவே பக்கத்து அணியின் வெற்றி தன் பிள்ளையின் இடத்தைப் பறிப்பதாகத் தோன்றுகிறது. கியாசு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிற, பின்தங்கிவிடுவோமோ என்ற அந்தப் பயத்துக்குள் உண்மையான கவலை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் தரும் சான்றிதழில் தரவரிசையைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்கள் மாணவி சென்சார் அளவீட்டை எப்படிச் சரிசெய்தாள், எத்தனை மாற்றங்களைச் சோதித்துப் பதிவு செய்தாள் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை. ‘பங்கேற்றார்’ என்ற ஒரு சொல்லோடு அவள் வீடு திரும்புகிறாள். வென்றவர்களைக் குறைப்பதைவிட, வெல்லாதவர்களின் உழைப்புக்குச் சாட்சி சொல்வது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் வென்ற மாணவர்களில் மூத்தவர்கள் அடுத்த பருவத்தில் இந்தப் போட்டியின் வயதைக் கடந்துவிடுவார்கள். தடையை அனுபவிக்கப்போகிறவர்கள் இனிமேல் அணியில் சேரக் காத்திருக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும், ஒரே ஒரு முறை மேடையேறிய அந்தச் சிறுமியும்தான். காட்சி அணியாக வரலாம் என்று சொல்வது அவர்களுக்கு மரியாதை செய்வதாகாது. போட்டியிடத் தயாராகிற பிள்ளையை வேடிக்கை காட்ட அழைப்பது அவளை வருத்தும். எங்கள் பிள்ளைகளுக்கும் இதனால் ஒரு நட்டம் உண்டு. அடுத்த ஆண்டு நாங்கள் முதலிடம் பெற்றாலும், ‘அவர்கள் இல்லாததால் வென்றீர்கள்’ என்ற பேச்சு எங்கள் கோப்பையோடு சேர்ந்தே வரும். பிள்ளைகள் அதைச் சொல்லாமலே உணர்வார்கள்.

சக பயிற்றுநர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. ஐயம் இருந்தால் எழுதிக் கையொப்பமிட்டுக் குழுவிடம் கொடுங்கள், நான் உங்களோடு நிற்பேன். அதைச் செய்ய முடியாவிட்டால், பிள்ளைகளின் முன்னால் பேசாதீர்கள்.

குழுவினரிடம் நான் கேட்பவை இவை. அடுத்த பருவத்தின் பதிவு தொடங்குவதற்கு முன்பே இந்தத் திருத்தத்தை மீட்டுக்கொள்ளுங்கள். மீட்டுக்கொள்ளும்போது, கிழக்கு வட்டார அணியின் மீது எந்தப் புகாரும் பதிவாகவில்லை என்பதையும், அதன் இரண்டு வெற்றிகளும் விதிப்படி பெற்றவை என்பதையும் எல்லா அணிகளுக்கும் எழுத்து மூலமாக அறிவியுங்கள். அந்த அறிவிப்பு வாட்ஸ்அப் குழுக்களுக்கும் சென்று சேர வேண்டும், ஏனெனில் அவதூறு அங்கேதான் பரவியது.

புகார்களுக்கு ஒரு முறையை ஏற்படுத்துங்கள். புகார் எழுத்தில், கையொப்பத்தோடு, போட்டி முடிந்த குறிப்பிட்ட நாட்களுக்குள் வரவேண்டும். குற்றம் சாட்டப்பட்ட அணி பதில் சொல்ல வேண்டும். முடிவும் அதற்கான காரணமும் இரு தரப்புக்கும் தரப்பட வேண்டும். பெரியவர்களின் தலையீட்டைப் பொறுத்தவரை, நடுவர்களின் கேள்விகளை மாணவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கச் செய்யுங்கள், நிரலில் ஒரு சிறு மாற்றத்தை அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். தன் ரோபோவைத் தான் செய்த பிள்ளை இதற்கு அஞ்ச மாட்டாள். குறிப்பேட்டுக்கு இப்போது புள்ளி எதுவும் இல்லை. அதற்கு ரோபோ ஓட்டத்துக்கு இணையான எடையைக் கொடுங்கள்.

பரிசளிப்புக்கு முன், எல்லா அணிகளும் தங்கள் ரோபோவையும் குறிப்பேட்டையும் மேசையில் திறந்துவைத்து மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு மணி நேரத்தை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். பெயர்கள் அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துவிட்டால், கைதட்டாமல் உட்கார்ந்திருப்பது கடினம். முதல் மூன்று இடங்களைப் பெறும் அணிகள் இசைந்தால், அவற்றின் குறிப்பேடுகளைப் படியெடுத்துப் பதிவு செய்யும் ஒவ்வோர் அணிக்கும் அனுப்புங்கள். தகுதிச் சுற்றுகளில் ஒன்றையாவது, குலுக்கல் முறையில் இரண்டு அணிகளைச் சேர்த்து இருவருக்கும் ஒரே புள்ளி தரும் கூட்டுச் சுற்றாக நடத்துங்கள்.

வசதிக் குறைவுள்ள அணிகளுக்காக ஓர் இரவல் இருப்பை உருவாக்குங்கள். பழைய பெட்டிகள், உதிரி மோட்டார்கள், ஒரு போட்டி விரிப்பு, மடக்கக்கூடிய ஒரு மேசை ஆகியவை வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்தாலே எங்களைப் போன்றவர்களின் நிலை மாறும். காட்சி அணிக்காக ஒதுக்கியிருக்கும் மேடைச் செலவை இதற்குத் திருப்பலாம். இருப்பைப் பராமரிக்கவும், உதிரிப் பாகங்களைச் சரிபார்க்கவும், உட்லண்ட்ஸ் வட்டாரத்துக்கான பொறுப்பை ஏற்கவும் நான் தயாராக இருக்கிறேன். சான்றிதழில் தரவரிசைக்குக் கீழே, அந்த மாணவர் அணியில் செய்த பணியைப் பயிற்றுநரும் நடுவரும் சேர்ந்து எழுதிக் கையொப்பமிட ஓர் இடம் விடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளைப் பற்றிப் பேச, எல்லா வட்டாரப் பயிற்றுநர்களையும் அழைத்து, பதிவு தொடங்குவதற்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள். கிழக்கு வட்டார அணியின் பயிற்றுநரையும் அதற்கு அழையுங்கள். எந்தச் சனிக்கிழமை என்றாலும், அன்றைய பயிற்சியை மாற்றி வைத்துவிட்டு நான் வருவேன். உங்கள் பதிலை எழுத்து மூலமாக எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வட்டார அணியின் தொண்டூழியப் பயிற்றுநர்